ஒன்றுகூடல் அழைப்பிதழ், நினைவு மலர்: இலவசப் பின்னணிப் படம் எங்கே எடுப்பது?

லயத்துப்பையன்

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் பழைய தோட்டத்து ஆட்கள் ஒன்றுகூடல் வைக்க முடிவு செய்திருக்கிறார்கள். தோட்டம் கைமாறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்து, கித்தா (ரப்பர்) மரங்களை வெட்டிச் செம்பனை வைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆட்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கிறார்கள். 'கம்ப்யூட்டர் தெரிந்த பையன்' என்று சொல்லி என் தலையில் கட்டிய வேலைகள்: அழைப்பிதழ், நாற்பது பக்க நினைவு மலர், பழைய ஆசிரியர்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ், வாட்சாப்பில் சுற்றுக்கு விட ஒரு பி.டி.எஃப்.

எனக்குத் தெரிந்தது வேர்டும் பவர்பாயிண்டும்தான். பின்னணிக்கு நல்ல படமோ, பூவேலையோ, கரை வடிவமோ வேண்டும். வசூலான பணம் அச்சுக்கே பற்றாது, படத்துக்குக் காசு கிடையாது. 'இலவசப் பின்னணி' என்று தேடினால் வருவதெல்லாம் மேப்பிள் இலை, பனித்துகள், வெள்ளைக்காரக் கல்யாண ரோஜா. சரி, அதையாவது இறக்கலாம் என்று போனால் பக்கம் முழுக்க 'டவுன்லோட்' பொத்தான். எது உண்மையானது என்றே தெரியவில்லை. எங்கே போவது, எதை நம்புவது?

நிரை_9

அன்ஸ்பிளாஷ், பெக்ஸல்ஸ், பிக்ஸாபே. மூன்றும் போதும் தம்பி. பிக்ஸாபேயில் புகைப்படம் தவிர வரைந்த படமும் வெக்டாரும் (பெரிதாக்கினாலும் உடையாத கோட்டுப் படம்) கிடைக்கும், கரை வடிவத்துக்கு அதுதான் வசதி. ஒன்று கவனி: தேடியதும் மேல் வரிசையில் வருவது பெரும்பாலும் காசுக்கு விற்கும் தளத்தின் விளம்பரம். அன்ஸ்பிளாஷில் கூட்டல் குறியோடு வரும் படங்களும் சந்தா கட்டியவர்களுக்குத்தான். கீழே இறங்கிப் பார்.

தேடும் சொல்லை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். 'பேக்ரவுண்ட்' என்று போட்டால் உலகத்துக் குப்பையெல்லாம் வரும். 'வாழை இலை', 'மாக்கோலம்', 'பனையோலைப் பின்னல்', 'பழைய தாள்', 'கைத்தறித் துணி' என்று பொருளின் பெயரையே ஆங்கிலத்தில் தட்டிப் பார். அப்புறம் 'டெக்ஸ்சர்', 'பேட்டர்ன்', 'சீம்லெஸ்' இந்த மூன்றில் ஒன்றைச் சேர்த்துக்கொள். சீம்லெஸ் என்றால் ஓடு பதிப்பது மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் ஒட்டுத் தெரியாத சதுரம். பவர்பாயிண்டில் ஃபார்மட் பேக்ரவுண்டில் போய் 'டைல் பிக்சர் அஸ் டெக்ஸ்சர்' என்பதைத் தட்டினால் பக்கம் முழுக்கத் தானே பரவிவிடும். கோப்பும் சிறியதாகவே இருக்கும்.

மலர்_ஈப்போ

கூகலில் தேடி, வலது பொத்தானை அழுத்தி, சேவ். இதற்குப் போய் இழை வேறு. நம்ம ஊர் ஒன்றுகூடலுக்கு யார் வந்து வழக்குப் போடப் போகிறார்கள்?

காப்பிரைட்_கண்ணாடி

மலர், வழக்குப் போட மாட்டார்கள் என்பதும் எடுக்கலாம் என்பதும் ஒன்றல்ல. அந்த மலரில் கடைக்காரர்களிடம் விளம்பரம் வாங்குவார்கள், மண்டபத்தில் விலை வைத்துக் கொடுப்பார்கள், பிறகு பி.டி.எஃப் ஆகி முகநூலில் ஏறும். அப்போது அது வீட்டு விஷயம் இல்லை. மலேசியாவில் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் ஓவியத்துக்கு, வரைந்தவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 50 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. இணையத்தில் கண்ணில் பட்டது என்பதற்காக அது பொதுச்சொத்து ஆகிவிடாது. பின்ட்ரெஸ்டில் இருப்பதும் அப்படித்தான்; அங்கே போடுகிறவர் பெரும்பாலும் படத்துக்குச் சொந்தக்காரரே அல்ல.

லயத்துப்பையன், கூகலில்தான் தேடுவேன் என்றால் படத் தேடலில் 'டூல்ஸ்' என்பதைத் திறந்து 'யூசேஜ் ரைட்ஸ்' என்பதில் கிரியேட்டிவ் காமன்ஸைத் தேர்ந்தெடுங்கள். சுருக்கமாக சிசி; பிறர் எடுத்தாளலாம் என்று படைத்தவரே முன்கூட்டிக் கொடுக்கும் உரிமம். அதுவும் ஒரு வடிகட்டிதான், உத்தரவாதம் இல்லை. படம் இருக்கிற பக்கத்துக்கே போய் உரிமம் என்ன என்று பார்க்க வேண்டும். வேர்ட்பிரஸ்காரர்கள் நடத்தும் ஓபன்வெர்ஸ் இதற்கென்றே உள்ள தேடல்தளம், படத்தோடு உரிமத்தையும் காட்டும்.

சிசி உரிமத்தில் வரும் எழுத்துகளின் பொருள் சுருக்கமாக: சிசி ஸீரோ என்றால் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார், எதுவும் செய்யலாம். சிசி பை என்றால் பெயர் போட வேண்டும். என்சி வந்தால் வணிகத்துக்கு ஆகாது. என்டி வந்தால் மாற்றக் கூடாது. நீங்கள் நிறத்தை வெளிறச் செய்து, வெட்டி, மேலே எழுத்துப் போடுவதெல்லாம் மாற்றம்தான். எஸ்ஏ வந்தால் நீங்கள் மாற்றிச் செய்ததையும் அதே உரிமத்தில் விட வேண்டும். விளம்பரம் போடும் மலருக்கு முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்வது நிம்மதி.

நிரை_9

அன்ஸ்பிளாஷும் பிக்ஸாபேயும் சிசி ஸீரோதானே அண்ணே? எதற்கு இவ்வளவு பயம்?

காப்பிரைட்_கண்ணாடி

முன்பு. அன்ஸ்பிளாஷ் 2017இலும் பிக்ஸாபே 2019இலும் சொந்த உரிமத்துக்கு மாறிவிட்டன. 2019இலேயே பிக்ஸாபேயையும் பெக்ஸல்ஸையும் இணைய வடிவமைப்புத் தளமான கேன்வா வாங்கியது, 2021இல் அன்ஸ்பிளாஷை கெட்டி இமேஜஸ் வாங்கியது. நம் வேலைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை: பணம் வேண்டாம், பெயர் போடுவது கட்டாயம் இல்லை, அச்சடிக்கலாம். படத்தை அப்படியே தனியாக விற்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் விதி மாறும் என்பதற்கு இதுவே சாட்சி. படம் இறக்கும் அன்றே அந்தப் பக்கத்தையும் பி.டி.எஃப் ஆக்கிப் படத்தோடு ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள். பிறகு யாராவது கேட்டால் காட்ட ஏதாவது இருக்கும்.

ஃபிரீபிக் போன்ற தளங்களில் இலவசமாக எடுத்தால் பெயர் போட்டாக வேண்டும். பலர் அதைப் படிப்பதே இல்லை.

தமிழ்ப்பள்ளி_டீச்சர்

நான் இந்த வட்டாரத்தில்தான் படிப்பித்துக் கொடுக்கிறேன். நீங்கள் யாராவது ஆசிரியராக இருந்தால் கேன்வாவின் கல்விப் பதிப்பு இலவசம். டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) கணக்கிலேயே நுழையலாம். சான்றிதழ், பெயர் அட்டை எல்லாம் அரைமணியில் ஆகிவிடும். ஆசிரியர் இல்லாவிட்டாலும் சாதாரணக் கணக்கில் நிறைய இருக்கிறது, கிரீடக் குறி இல்லாததை மட்டும் எடுங்கள்.

ஆனால் எனக்கு ஒரு சலிப்பு உண்டு. விளையாட்டுப் போட்டிச் சான்றிதழ், பட்டமளிப்பு, பொங்கல் விழா, எதை எடுத்தாலும் அதே தங்கக் கோடு, அதே நீல அலை. எல்லாப் பள்ளியும் அதே வார்ப்பில். ஒரு பெற்றோர் இரண்டு பிள்ளைகளின் சான்றிதழை என்னிடம் காட்டினார், வேறு வேறு பள்ளி, எழுத்தை மறைத்தால் எது எந்தப் பள்ளி என்று சொல்லவே முடியாது. தோட்டத்து ஒன்றுகூடலுக்கும் அதையே போடப் போகிறீர்களா?

கோலக்காரி

டீச்சர் சொன்னதற்கு ஒரு கைதட்டல்.

தம்பி, முதலில் அருங்காட்சியகங்களைப் பாருங்கள், அங்கேதான் சரக்கு இருக்கிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் (சுருக்கமாக 'மெட்') 2017 பிப்ரவரியில் 3,75,000 படங்களை சிசி ஸீரோவாகத் திறந்துவிட்டது. ஸ்மித்சோனியன் 2020இல் 28 லட்சம் திறந்தது. அதில் கூப்பர் ஹியூவிட் என்ற வடிவமைப்பு அருங்காட்சியகத்தின் சுவர்த்தாள், துணி வடிவங்கள் ஏராளம். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் பெரிய அளவுப் படங்களே இறங்கும். இந்தத் தளங்களில் 'கோரமண்டல்', 'சின்ட்ஸ்', 'பாலம்போர்' என்று தட்டுங்கள். 17, 18ஆம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையில் கையால் தீட்டிச் சாயம் ஏற்றிய பருத்தித் துணிகள் வரும். மாதுளை, கொடி, மயில், சிவப்பு, அவுரி நீலம். இந்தக் கரைத் துணிதான் அன்றைக்குக் கப்பலில் மலாய்த் தீவுகளுக்கும் வந்தது. நம் அழைப்பிதழின் ஓரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கரை வேறு எது?

தேடும்போது 'ஓபன் ஆக்சஸ்' என்ற கட்டத்தைத் தட்டிவிடுங்கள். மெட்டின் எல்லாப் படமும் திறந்தது அல்ல. பிரிட்டிஷ் மியூசியத்திலும் அழகான துணிகள் உண்டு, ஆனால் அவர்களுடையது என்சி உரிமம். காப்பிரைட்_கண்ணாடி சொன்ன கணக்கில் விளம்பரம் போடும் மலருக்கு அதை விட்டுவிடுங்கள்.

நிரை_9

இதெல்லாம் அழகுதான் அக்கா, ஆனால் தோட்டத்துக்கும் சோழமண்டலத் துணிக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் அப்பா கட்டியது கைலி, பால்கறை பிடித்த காற்சட்டை. தோட்டம் என்றால் கித்தா இலை வர வேண்டும்.

கோலக்காரி

அதுவும் இருக்கிறது. விக்கிமீடியா காமன்ஸில் கித்தா மரத்தின் தாவரப் பெயரான ஹேவியா பிரசிலியென்சிஸ் என்பதைத் தட்டுங்கள். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மூலிகை நூல் ஒன்றின் வண்ணத் தகடு (முழுப்பக்கப் படம்) வரும்: மூன்று மூன்றாக இலை, பூங்கொத்து, காய், புள்ளி போட்ட கொட்டை, எல்லாம் தனித்தனியாக வரைந்தது. செம்பனைக்கும் அதே வரிசையில் தகடு உண்டு, எலேயிஸ் கினியென்சிஸ் என்று தேடுங்கள். வரைந்தவர்கள் காலம் முடிந்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, உரிமைத் தொல்லை இல்லை. பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரியிலும் இந்த மாதிரித் தகடுகள் மலை போல் இருக்கின்றன.

லயத்துப்பையன்

அக்கா, அந்தத் தகட்டைப் பார்த்தேன். கொட்டை வரைந்திருக்கிற விதம்! சின்ன வயதில் அதைச் சிமெண்டில் தேய்த்துச் சூடு வைத்து விளையாடியதுதான் ஞாபகம் வந்தது. அட்டைக்கு அதுதான் என்று மனதில் வைத்துவிட்டேன்.

மஞ்சள்வேட்டி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் கோயில் கமிட்டியிலும் இதே பேச்சு நடந்தது. அழைப்பிதழ் முழுக்க முருகன் படத்தை வெளிறலாகப் பின்னால் போட்டு, அதன் மேல் நிகழ்ச்சி நிரல், தொலைபேசி எண், 'சைவ உணவு வழங்கப்படும்' எல்லாம் அச்சடித்துவிடுகிறார்கள். திருவிழா முடிந்ததும் அந்தத் தாள் எங்கே போகிறது? மிதிபடுகிறது, குப்பைக்குப் போகிறது. சாமி படத்தைப் பின்னணியாகப் போடாதீர்கள். வேண்டுமானால் மேலே சின்னதாக ஓம் போடுங்கள்.

மலர்_ஈப்போ

சாமி படம் இல்லாமல் அழைப்பிதழ் அடித்தால் என் அம்மா அதைக் கையில்கூட வாங்க மாட்டார். சாமி படம் இருப்பதால்தான் பலர் அதைத் தூக்கிப் போடாமல் பூசையறையில் வைக்கிறார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மஞ்சள்வேட்டி

அம்மா வைக்கிறார். அவர் பேரப்பிள்ளைகள்?

வேல், மயிலிறகு, தாமரை, சேவல், மாவிலைத் தோரணம் என்று குறிப்பால் காட்ட எத்தனையோ இருக்கிறது. யாரும் கோபிக்க மாட்டார்கள், மிதிபட்டாலும் மனது அவ்வளவு உறுத்தாது.

காப்பிரைட்_கண்ணாடி

இதில் உரிமை விஷயமும் உண்டு. காலண்டர்களில் வரும் சாமி படங்கள் பெரும்பாலும் யாரோ ஓர் ஓவியர் வரைந்தவை, அச்சகங்களுக்குச் சொந்தமானவை. சாமி எல்லாருக்கும் பொது, படம் அப்படி இல்லை. பழையது வேண்டுமானால் ராஜா ரவிவர்மா 1906இல் காலமானவர், அவர் ஓவியங்கள் விக்கிமீடியா காமன்ஸில் உள்ளன.

பிரமுகர் வருகிறார் என்று சிலர் ஜாத்தா நெகாராவை (மலேசிய அரசுச் சின்னம்) மலரில் பின்னணி வடிவமாகப் பரப்பிவிடுகிறார்கள். அதற்கு 1963ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இருக்கிறது. அரசுச் சின்னங்களைக் கண்ட இடத்தில் போடாதீர்கள்.

அச்சுக்கடை_இரவுஷிப்ட்

நான் அச்சுக்கடையில் வேலை செய்பவன். எல்லாரும் எங்கே எடுப்பது என்றே பேசுகிறீர்கள். எடுத்தது எங்களிடம் எந்தக் கோலத்தில் வந்து சேருகிறது என்பதை நான் சொல்கிறேன்.

முதல் விஷயம், அளவு. ஏ4 தாளை நன்றாக அச்சடிக்க 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். அது அங்குலத்துக்கு 300 புள்ளி. ஏ5 அழைப்பிதழுக்கு 1748க்கு 2480. நீங்கள் கொண்டுவருவது 1920க்கு 1080 கம்ப்யூட்டர் வால்பேப்பர். அதைத் திருப்பாமல் நிமிர்ந்த ஏ4 தாளின் உயரத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 92 புள்ளிதான் மிஞ்சும். திரையில் ஜொலிக்கும், தாளில் கட்டம் கட்டமாகத் தெரியும். வெளிறிய பின்னணி என்றால் 150 புள்ளியோடு தப்பிக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். தளத்தில் 'ஒரிஜினல்' அல்லது 'லார்ஜ்' என்ற அளவைத் தேர்ந்து இறக்குங்கள். தேடல் பக்கத்தில் தெரியும் சின்னப் படத்தைச் சேமிக்காதீர்கள். எஸ்விஜி (வெக்டார் படக் கோப்பு) கிடைத்தால் இன்னும் நல்லது, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. புதிய வேர்ட் அதை நேராக ஏற்கும்.

இரண்டாவது, சதுரங்கக் கட்டம். 'பின்னணி இல்லாத பிஎன்ஜி' என்று போட்டிருக்கும், இறக்கினால் சாம்பல் வெள்ளைக் கட்டங்களும் படத்தோடு ஒட்டி வரும். அது போலி. தேடலில் பார்க்கும்போதே கட்டம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையானது பெரும்பாலும் வெறும் வெள்ளையாகத் தெரியும், திறந்த பிறகுதான் கட்டம் வரும்.

மூன்றாவது, நிறம். திரையின் பளிச்சென்ற பச்சையும் ஊதாவும் அச்சு மையில் அப்படியே வராது, மங்கும். கித்தா இலைப் பச்சை என்று மயங்கி நிற்காதீர்கள், ஒரு தாள் சோதனை அச்சு கேட்டு வாங்குங்கள். ஓரம் வரை நிறம் போக வேண்டுமானால் நாலா பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். ஏ5 என்றால் 154க்கு 216. இல்லாவிட்டால் வெட்டும்போது வெள்ளைக் கீற்று விழும், அப்புறம் எங்களிடம் சண்டைக்கு வருவீர்கள்.

லயத்துப்பையன்

அண்ணே, வேர்டில் பேஜ் கலர் போட்டு ஃபில் எஃபெக்ட்ஸில் படம் வைத்தேன். திரையில் வருகிறது. வீட்டு பிரிண்டரில் அடித்தால் வெள்ளைத் தாள்தான் வருகிறது. ஏன்?

அச்சுக்கடை_இரவுஷிப்ட்

அது இயல்பாகவே அச்சில் வராது. ஃபைல், ஆப்ஷன்ஸ், டிஸ்ப்ளே போய் 'பிரிண்ட் பேக்ரவுண்ட் கலர்ஸ் அண்ட் இமேஜஸ்' என்பதைத் தட்ட வேண்டும். ஆனால் அந்த வழியையே விடு. பேஜ் கலரில் படத்தை வைத்தால் அது தன் அளவுக்கு ஏற்ப ஓடு ஓடாக அடுக்கிக்கொள்ளும், உன் பேச்சைக் கேட்காது.

ஹெடரை இரட்டைச் சொடுக்கில் திற. அங்கே படத்தைச் செருகு. 'பிஹைண்ட் டெக்ஸ்ட்' கொடு. தாள் அளவுக்கு இழுத்து வை. ஹெடரை மூடு. எல்லாப் பக்கத்திலும் தானே வரும், எழுத்தைத் தட்டும்போது கை பட்டு நகராது. உடல் பகுதியில் வேலை செய்யும்போது படம் மங்கலாகத் தெரியும், பயப்படாதே, அச்சில் முழு நிறத்தில் வரும். அதனால்தான் சொல்கிறேன், வெளிறச் செய்வதைப் படத்திலேயே செய்துவிடு. திரையில் மங்கலாகத் தெரிவதை நம்பாதே. ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு போய் 'டூ நாட் கம்ப்ரெஸ் இமேஜஸ்' என்பதையும் தட்டு, இல்லாவிட்டால் வேர்ட் படத்தைத் தானே சுருக்கிவிடும்.

தமிழ்ப்பள்ளி_டீச்சர்

எழுத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. ஆங்கிலத்துக்குச் செய்த பின்னணி நமக்குச் சரிப்படாத இடம் ஒன்று உண்டு. நமக்கு மெய்யெழுத்தின் மேல் புள்ளி. பின்னால் நட்சத்திரம், பூந்துகள், மினுமினுப்பு என்று ஏதாவது புள்ளி புள்ளியாக இருந்தால் எது க, எது க் என்று கண் தடுமாறும். சுழிகளும் அப்படி, கொடிச் சுருள் பின்னணியில் ணகரமும் னகரமும் கொடியோடு சேர்ந்துகொள்ளும். வரப் போகிறவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். மலரைக் கையை நீட்டிப் பிடித்துத்தான் படிப்பார்கள்.

வலைப்பக்கங்களுக்கு வைத்திருக்கும் அணுகல் விதியில் எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடாவது வேண்டும் என்று இருக்கிறது. இணையத்தில் 'கான்ட்ராஸ்ட் செக்கர்' என்று தேடினால் இரண்டு நிறத்தைக் கொடுத்துச் சரிபார்க்கலாம். என்னைக் கேட்டால் வாசிக்கும் பக்கத்துக்குப் பின்னணியே வேண்டாம். இளமஞ்சள் தாள் நிறம், ஓரத்தில் ஒரு கரை, முடிந்தது. முழுப்படத்தை அட்டைக்கும் பகுதித் தலைப்புப் பக்கங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மலர்_ஈப்போ

நாற்பது பக்கமும் வெறும் தாளா? அது மலரா, கணக்கறிக்கையா?

தமிழ்ப்பள்ளி_டீச்சர்

படிக்க முடிந்த கணக்கறிக்கை, படிக்க முடியாத மலரைவிட மேல்.

நிரை_9

டீச்சர் வகுப்பில் மாணவன் வாய் திறக்கவே மாட்டான் போலிருக்கிறது.

நான் நடுவே நிற்கிறேன். எழுத்து விழும் இடத்தில் மட்டும் வெள்ளைப் பெட்டி ஒன்றை வைத்து, டிரான்ஸ்பரன்ஸியை 15, 20 விழுக்காடு கொடுத்தால் பின்னணியும் தெரியும், எழுத்தும் பிழைக்கும். பவர்பாயிண்டில் சுலபம்.

புதுக்கிராமத்தான்

ஏன் இவ்வளவு தேட வேண்டும்? செயற்கை நுண்ணறிவிடம் 'ரப்பர் தோட்டம், காலை நேரம், பின்னணி' என்று கேட்டால் வந்துவிடுகிறது.

கோலக்காரி

வந்தது, பார்த்தேன். மரத்தில் பால்வெட்டுக் கோட்டைச் சாய்வாக இல்லாமல் நேர்க்கிடையாக வெட்டி வைத்திருக்கிறது, பால் பிடிக்கும் மங்கு இருக்க வேண்டிய இடத்தில் தேநீர்க் கோப்பை. தோட்டத்தில் பிறந்தவர்கள் கூடும் இடத்தில் இதைப் போட்டால் அன்றைக்கு முழுக்க அதைத்தான் பேசிச் சிரிப்பார்கள். பிக்ஸாபேயில் இப்போது இப்படிச் செய்த படங்களுக்குக் குறி போட்டிருக்கிறார்கள், அவற்றை விலக்கித் தேடவும் வழி இருக்கிறது.

தம்பி, கேமரா கையில் இருக்கிறதே. கோலாகங்சார் பக்கத்தில்தான். 1877இல் கொண்டுவந்து நட்ட ஒன்பது கித்தாக் கன்றுகளில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. ஒரு காலையில் போய் அதன் பட்டையைக் கிட்டத்தில் எடுங்கள். நீங்கள் எடுத்த படத்துக்கு நீங்களே சொந்தக்காரர், உரிமத்தைத் தேடி அலைய வேண்டாம். பழைய பால்வெட்டு மரம் எங்காவது மிஞ்சியிருந்தால் அதையும் எடுங்கள். வெட்டுத் தழும்பு ஒன்றன் கீழ் ஒன்றாகச் சாய்வாக இறங்குவதே தனி வடிவம். வெளிறச் செய்தால் பக்கக் கரைக்கு வேறெதுவும் வேண்டாம்.

கோலத்துக்கும் வழி சொல்கிறேன். கறுப்பு அட்டையில் வெள்ளைப் பேனாவால் ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுங்கள். நிழல் விழாமல் நேர் மேலிருந்து படம் எடுங்கள். இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருள் இலவசம், அதில் 'டிரேஸ் பிட்மேப்' கொடுத்தால் கோடு வெக்டாராகிவிடும். 'டைல்டு குளோன்ஸ்' கொடுத்தால் பக்கம் முழுக்க அடுக்கும். புகைப்படத்தை ஒட்டுத் தெரியாத சதுரம் ஆக்க ஜிம்ப் என்ற இலவசப் படத் திருத்த மென்பொருளில் 'ஆஃப்செட்' கொடுத்துப் பாதி நகர்த்துங்கள், விளிம்புகள் நடுவுக்கு வந்துவிடும், அந்த ஒட்டை மட்டும் குளோன் கருவியால் தடவி மறையுங்கள். அடுத்தவர் போட்ட கோலத்தைப் படம் பிடித்து முகநூலில் யாரோ போட்டதை மட்டும் எடுக்காதீர்கள். கோலம் பாட்டி காலத்தது, படம் எடுத்தவருடையது.

லயத்துப்பையன்

அம்மாவைக் கோலம் போடச் சொல்லிவிட்டேன். ஐந்துக்கு ஐந்து போதாதாம், பதினொன்றில் தொடங்கியிருக்கிறார். எப்போது முடியுமோ.

இதுவரை முடிவானது: அட்டையில் ஜெர்மன் தகட்டுக் கித்தா இலை, உள்ளே தாள் நிறத்தோடு அம்மாவின் கோலக் கரை, பகுதித் தலைப்புகளுக்குப் பால்வெட்டுத் தழும்பு. சான்றிதழுக்கு கோரமண்டல் துணிக் கரை, மெட்டிலிருந்து எடுத்தது, சிசி ஸீரோ. சாமி படம் இல்லை. மஞ்சள்வேட்டி ஐயா சொன்னதைக் கமிட்டியில் சொன்னேன், இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், பிறகு மயிலிறகுக்கு ஒத்துக்கொண்டார்கள். பவர்பாயிண்டில் பின்னணிக்கு பிக்ஸாபேயின் பனையோலைப் பின்னல்.

இன்னும் ஒரே சந்தேகம். படத்துக்கு நன்றி எங்கே, எப்படிப் போடுவது? ஒவ்வொரு பக்கத்தின் கீழும் எழுதினால் அசிங்கமாக இருக்கும்.

காப்பிரைட்_கண்ணாடி

கடைசிப் பக்கத்தில் ஒரே பத்தியாகப் போதும். படத்தின் பெயர், எடுத்தவர் அல்லது அருங்காட்சியகம், எங்கிருந்து, என்ன உரிமம். சிசி பை படம் ஏதாவது இருந்தால் இந்த நான்கும் வேண்டும், மாற்றம் செய்திருந்தால் 'நிறம் மாற்றப்பட்டது' என்றும் சேர்க்க வேண்டும். சிசி ஸீரோவுக்கும் பொதுச்சொத்துக்கும் கட்டாயம் இல்லை, ஆனாலும் போடுங்கள். அடுத்த தோட்டத்துக்காரர்கள் மலர் போடும்போது அந்தப் பத்தியைப் பார்த்து அங்கேயே போய்த் தேடுவார்கள். உங்கள் அம்மா பெயரையும் அதே பத்தியில் சேருங்கள்: 'கோலம்: இன்னார்'.

அச்சுக்கடை_இரவுஷிப்ட்

கடைக்கு அனுப்பும்போது வேர்ட் கோப்பை அனுப்பாதே. எங்கள் கம்ப்யூட்டரில் உன் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். பி.டி.எஃப் ஆக்கு, எழுத்துரு உள்ளேயே இருக்கட்டும். வாட்சாப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பு. மண்டபத் தேதி என்றைக்கு? தீபாவளிக்கு முந்தைய வாரம் என்றால் இப்போதே சொல், அந்த வாரம் எங்களுக்குத் தூக்கமே கிடையாது.

லயத்துப்பையன்

பள்ளி விடுமுறையில்தான் அண்ணே. கோலம் முடிந்ததும் அனுப்புகிறேன்.